கைவிலங்குக்கு எட்டாத வில்லன்: கதை எழுதுவோருக்கான கேள்வி–பதில்

தில்லி வாசகர்கள் பலர், வெளிநாட்டுத் தூதரகங்கள் வரிசையாக இருக்கும் சாந்திபத் சாலை வழியாக தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர்கள். அதனாலோ என்னவோ, அவர்கள் அனுப்பும் துப்பறியும் கதைகளில் வில்லன் பெரும்பாலும் தூதரக அதிகாரியாக இருக்கிறான். கடைசிப் பக்கத்தில் "எனக்கு விலக்குரிமை இருக்கிறது", அதாவது இந்த நாட்டுப் போலீசும் கோர்ட்டும் என்னைத் தொட முடியாது, என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறான். இதையொட்டி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

ஆர்.கே.புரம் வாசகர்: என் கதையில் கொலை செய்த அதிகாரி, இன்ஸ்பெக்டரிடம் தூதரகக் கடவுச்சீட்டை நீட்டிச் சிரிக்கிறான். இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்து வழிவிடுகிறார். இது நடக்கக்கூடியதுதானா?

பதில்: சிரிப்பு இருக்கட்டும், கடவுச்சீட்டை எடுத்துவிடுங்கள். அது ஒரு நாடு தன் ஆளுக்குக் கொடுக்கும் பயண ஆவணம், அவ்வளவுதான். விலக்குரிமை பிறப்பது, அவன் போய் இறங்கிய நாடு அவனைத் தூதரக ஊழியனாக ஏற்றுக்கொள்வதில். இந்தியாவில் இந்தப் பதிவுகளை வெளியுறவு அமைச்சகத்தின் புரோட்டோகால் பிரிவு வைத்திருக்கிறது. அங்கே தரும் அடையாள அட்டையைத்தான் உங்கள் இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டும். 2024 ஏப்ரலில் கர்நாடக எம்.பி. ஒருவர் தூதரகக் கடவுச்சீட்டில் ஜெர்மனி போனார். அது கையில் இருந்ததால் விசா எடுக்காமல் போக முடிந்தது. மே 31 அதிகாலை பெங்களூரில் வந்து இறங்கியதும் கைது செய்யப்பட்டார். சொந்த நாட்டுப் போலீசிடம் அந்தக் கடவுச்சீட்டு ஒன்றுக்கும் உதவாது.

அடுத்தது சல்யூட். உண்மையில் காட்சி இதைவிடச் சங்கடமாகவும் சுவையாகவும் இருக்கும். அவன் கத்தியை ஓங்கிக்கொண்டிருந்தால் போலீஸ் பிடித்துத் தடுக்கலாம். கண்ணெதிரே நடக்கும் குற்றத்தை நிறுத்த விலக்குரிமை குறுக்கே நிற்காது. தடுத்த பிறகு அவன் யார் என்று உறுதியாகும்வரை நிறுத்தி வைத்து விசாரிக்கலாம். உறுதியான பிறகு கைது கூடாது, லாக்கப் கூடாது, உடலையோ வண்டியையோ சோதனை போடக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டியவனாக இருந்தால் ஊதச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் வண்டியை ஓரங்கட்டி, வேறு ஆள் வந்து எடுத்துப் போகட்டும் என்று சொல்லலாம். எஃப்.ஐ.ஆர். பதிவதற்கும், சாட்சிகளின் வாக்குமூலம் வாங்குவதற்கும், தெருவில் இருக்கும் கேமரா பதிவை எடுப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை. நமக்கு வரும் கதைகளில் தொண்ணூறு சதவீத இன்ஸ்பெக்டர்கள் இந்த வேலைகளைச் செய்யாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் ஒருநாள் வழக்கு உயிர்பெற வேண்டுமானால் இந்தக் காகிதங்கள்தான் வேண்டும்.

நிஜத்தில் இது எப்படி நடந்தது என்பதற்குத் தில்லியிலேயே உதாரணம் உண்டு. 2016 அக்டோபரில் மிருகக்காட்சி சாலை அருகே, உளவு பார்த்ததாக ஒருவரைத் தில்லி போலீஸ் பிடித்தது. அவர் முதலில் காட்டியது சாந்தினி சௌக் முகவரி போட்ட ஆதார் அட்டை. விசாரணையில்தான் பாகிஸ்தான் தூதரக ஊழியர் என்று தெரிந்தது. விட்டுவிட்டார்கள். 48 மணி நேரத்தில் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். பொய் ஆதாரிலிருந்து நிஜ அட்டைக்கு மாறும் அந்த நிமிஷம்தான் நாவலாசிரியருக்கு வேண்டியது. பொய் அடையாளத்தில் இருக்கும்வரை அவன் உளவாளி, ஆனால் லாக்கப்புக்குள். உண்மையைச் சொன்னால் வெளியே வந்துவிடுவான், ஆனால் அவன் வேலை அன்றோடு முடிந்தது.

நீதிமன்றக் காட்சி எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 1972-ஆம் ஆண்டுத் தூதரக உறவுகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, ஒருவருக்கு விலக்குரிமை உண்டா என்ற கேள்வி எழுந்தால், வெளியுறவு அமைச்சகத்தின் சான்றிதழ் எந்த உண்மையைச் சொல்கிறதோ அதுவே முடிவான சாட்சியம். வக்கீல்கள் மூன்று அத்தியாயத்துக்கு வாதாட வேண்டியதில்லை. அந்த ஒரு தாள் வருமா, எப்போது வரும், யார் தாமதப்படுத்துகிறார்கள் என்பதை வைத்தே பரபரப்பை உண்டாக்கலாம்.

கரோல் பாக் வாசகி: தூதருக்கு மட்டுமா, அவருடைய மனைவி, மகன், டிரைவர், சமையல்காரர் எல்லோருக்குமா இந்தப் பாதுகாப்பு? நீலநிற நம்பர் பிளேட் வண்டியை ஓட்டுகிறவர் யாரையும் தொட முடியாதா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதிய கதைகள்தான் அதிகம் தடுக்கி விழுகின்றன. தூதரக உறவுகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் இதைப் படிப்படியாகப் பிரித்திருக்கிறது. மேல் படியில் தூதரும் மற்ற டிப்ளமேட்டுகளும். குற்ற வழக்கில் முழு விலக்கு. அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தாருக்கும் அதே அளவு, அவர்கள் இந்தியக் குடிமக்களாக இல்லாதவரை. அடுத்த படி, நிர்வாக, தொழில்நுட்ப ஊழியர்கள். கணக்கர், சங்கேதச் செய்திகளைக் கையாளும் கிளார்க் போன்றவர்கள். இவர்களுக்கும் குற்ற வழக்கில் முழு விலக்கு உண்டு. சிவில் வழக்கில் அலுவல் தொடர்பானவற்றுக்கு மட்டும். அதற்குக் கீழே அனுப்பிய நாட்டிலிருந்து வந்த டிரைவர், காவலாளி. அலுவல் தொடர்பான செயலுக்கு மட்டும். உள்ளூரில் வேலைக்கு எடுத்த இந்திய டிரைவருக்கு ஒன்றும் கிடையாது. அவர் சாணக்கியபுரி வட்டச் சாலையில் யாரையாவது இடித்துவிட்டால் நம் எல்லோரையும்போலத்தான் கோர்ட்டுக்குப் போவார்.

நீலப் பலகையில் முதலில் நாட்டுக்கான எண், பிறகு சிடி, சிசி அல்லது யுஎன், பிறகு வரிசை எண் இருக்கும். சிடி என்றால் தூதரகம், சிசி என்றால் துணைத்தூதரகம், யுஎன் என்றால் ஐ.நா. பலகை வண்டியைப் பற்றிச் சொல்கிறது. ஸ்டியரிங் பிடித்திருப்பவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சிசி விஷயம் வில்லனுக்கு வைக்கும் அருமையான பொறி. கான்சல் என்பவர் துணைத்தூதரக அதிகாரி, தூதர் அல்ல. அவருக்கு 1963-ஆம் ஆண்டின் தனி ஒப்பந்தம். அலுவல் செயலுக்கு மட்டுமே விலக்கு. கடுமையான குற்றம் என்றால் நீதிமன்ற உத்தரவோடு கைதும் செய்யலாம். உங்கள் கதை மும்பையிலோ சென்னையிலோ நடந்தால், அங்கே இருப்பவை துணைத்தூதரகங்கள். "டிப்ளமேட்டிக் இம்யூனிட்டி" என்று கத்துகிற மும்பை வில்லனை ஒரு படித்த சப்-இன்ஸ்பெக்டர் அமைதியாக ஜீப்பில் ஏற்றிவிடலாம்.

இது நமக்கே நேர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2013 டிசம்பர் 12-இல் நியூயார்க்கில் இந்தியத் துணை கான்சல் ஜெனரல் தேவயானி கோப்ரகடே, வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விவகாரத்தில் கைதானார். கான்சல் பதவி அவரைக் காக்கவில்லை. தில்லியில் பதிலடியாக டிசம்பர் 17-இல் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே இருந்த தடுப்புகளை அகற்றினார்கள். அதோடு அவரை ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக் குழுவுக்கு மாற்றினார்கள். 2014 ஜனவரி 8-இல் முழு விலக்குரிமை கிடைத்தது. மறுநாள் குற்றச்சாட்டு பதிவானது, அவரும் கிளம்பினார். மார்ச் 12-இல் நீதிபதி அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். பதிவான நாளில் விலக்கு இருந்தது என்பதே காரணம். இரண்டு நாளில் புதிதாக ஒன்றைப் பதிவு செய்தார்கள், ஏனென்றால் அப்போது அவர் அந்தப் பதவியில் இல்லை. குற்றம் நடந்த தேதி, கைதான தேதி, பதவி ஏற்ற தேதி, வழக்குப் பதிந்த தேதி என்று நான்கு தேதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கதையைத் தொடங்குங்கள். ஒரு நாள் முன்பின்னாக நகர்த்தினால் முடிவே மாறும்.

மனைவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தில், அமெரிக்க ஊழியர்கள் இருந்த ஒரு விமானப்படைத் தளத்துக்கு வெளியே, ஊழியர் ஒருவரின் மனைவி சாலையின் தவறான பக்கத்தில் காரோட்டி ஓர் இளைஞர் இறந்தார். இரு நாடுகளும் முன்பே செய்திருந்த உடன்பாட்டில் அந்தத் தளத்து ஊழியர்கள் அலுவலுக்கு வெளியே செய்யும் குற்றங்களுக்கான விலக்கைக் கைவிட்டிருந்தார்கள். குடும்பத்தாரைப் பற்றி எழுத விட்டுப்போயிருந்தது. கணவன் ஓட்டியிருந்தால் சிக்கியிருப்பான், மனைவி ஊருக்குப் பறந்துவிட்டார். 2020-இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். இவ்வளவு கச்சிதமான ஓட்டையைக் கற்பனையில் எழுதியிருந்தால் நாங்களே "நம்பும்படி இல்லை" என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

மயூர் விஹார் வாசகர்: தூதரக வளாகம் அந்நிய மண்தானே? உள்ளே நடக்கும் கொலை இந்தியச் சட்டப்படி குற்றமே இல்லை என்று என் வக்கீல் பாத்திரம் பேசுகிறார்.

பதில்: வக்கீலை மாற்றுங்கள். வளாகம் இந்திய மண்தான், உள்ளே நடப்பது இந்தியச் சட்டப்படி குற்றம்தான். தூதரகத் தலைவர் அனுமதி இல்லாமல் போலீஸ் உள்ளே நுழையக் கூடாது, அவ்வளவே. தீப்பிடித்தால்கூடத் தூதரகத்துக்குள் தீயணைப்பு வண்டி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். துணைத்தூதரகத்தில் மட்டும் தீ போன்ற அவசரத்தில் சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே காத்திருப்பதுதான் போலீசுக்கு உள்ள வழி. 1984 ஏப்ரல் 17-இல் லண்டனில் லிபியத் தூதரக ஜன்னலிலிருந்து சுட்டதில் பெண் காவலர் ஒருவர் இறந்தார். கட்டிடத்தைப் பதினொரு நாள் சுற்றி நின்ற பிறகு, உள்ளே இருந்தவர்கள் எல்லோரையும் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். அதன் விளைவாக 1987-இல் பிரிட்டன் தூதரகக் கட்டிடத்தின் அந்தஸ்தையே விலக்கிக்கொள்ள ஒரு சட்டம் போட்டது.

துவாரகா வாசகர்: தூதரகப் பையில் தங்கம் கடத்துவதாக எழுதியிருக்கிறேன். பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? ஆளையே உள்ளே வைக்கலாமா?

பதில்: தூதரகமும் அதன் நாடும் ஆவணங்களை அனுப்பிக்கொள்ளும் இந்தப் பைக்கு அளவு வரம்பு கிடையாது. கைப்பையும் பைதான், மரப்பெட்டியும் பைதான், கண்டெய்னரும் பைதான். திறக்கவோ நிறுத்தி வைக்கவோ கூடாது. ஆனால் வெளியே தெரியும்படி அடையாளக் குறி இருக்க வேண்டும், உள்ளே தூதரக ஆவணமும் அலுவலகப் பொருளும் மட்டுமே இருக்க வேண்டும். கூரியராக ஆள் போனால், அவரது தகுதியையும் பெட்டிகள் எத்தனை என்பதையும் சொல்லும் ஆவணம் அவர் கையில் வேண்டும். திறக்காமல் ஸ்கேன் செய்யலாமா என்பதில் நாடுகளுக்குள் இன்னும் சண்டைதான். பையும் அதிகாரியின் சொந்தப் பெட்டியும் வேறு வேறு என்பதும் நினைவிருக்கட்டும். சொந்தப் பெட்டியில் கடத்தல் பொருள் இருப்பதாக வலுவான காரணம் இருந்தால் அவரையோ அவரது பிரதிநிதியையோ வைத்துக்கொண்டு திறக்கலாம்.

கடத்தல் எப்போதும் உடைவது காகிதத்தில். 1984 ஜூலை 5-இல் நைஜீரியாவின் முன்னாள் அமைச்சர் உமாரு டிக்கோவை லண்டனில் கடத்தி, மயக்க ஊசி போட்டு, மரப்பெட்டியில் அடைத்து ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கூடவே உள்ளே ஒரு மயக்க மருந்து டாக்டர். பெட்டிக்குச் சரியான தூதரகக் குறியும் தாள்களும் இல்லை. அதனால் அது பையே ஆகவில்லை, சுங்கத்துறை திறந்துவிட்டது. உயிரோடு மீட்டார்கள். ஒரு லேபிளுக்காக ஓர் அரசாங்கத்தின் திட்டமே கவிழ்ந்தது.

நம் பக்கத்தில், அதே ஜூலை 5, ஆனால் 2020. திருவனந்தபுரம் விமான நிலையத்தில், அமீரகத் துணைத்தூதரக அதிகாரி பெயருக்கு வந்த பார்சலில் 30 கிலோ தங்கம். சுங்கத்துறை அவசரப்பட்டு வெட்டித் திறக்கவில்லை. வெளியுறவு அமைச்சகத்திடம் அனுமதி வாங்கி, துணைத்தூதரகப் பிரதிநிதி முன்னிலையில் திறந்தார்கள். துணைத்தூதரகப் பை என்றால், சந்தேகம் வந்தால் திறக்கச் சொல்லிக் கேட்கலாம், மறுத்தால் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம். உங்கள் வில்லன் புத்திசாலியாக இருந்தால் "திருப்பி அனுப்புங்கள்" என்று உடனே சொல்வான். அந்த அவசரத்திலேயே அதிகாரி கண்டுகொள்வார்.

குருகிராம் வாசகி: வில்லன் தப்பிப் போய்விட்டான் என்று முடித்தால் தோழிகள் கோபிக்கிறார்கள். சட்டத்துக்குள் நின்று அவனைப் பிடிக்க வழியே இல்லையா?

பதில்: தோழிகள் கோபம் நியாயமானது. 2015 செப்டம்பரில் உங்கள் ஊரிலேயே, இரண்டு நேபாளப் பெண்கள் புகார் கொடுத்த சவுதி தூதரக அதிகாரி விலக்குரிமையோடு கிளம்பிப் போனார். ஆனாலும் வழிகள் இருக்கின்றன.

முதலாவது, விலக்கு அவனுடையதே அல்ல. அது அவனை அனுப்பிய நாட்டின் சொத்து. அவன் "நான் கோர்ட்டுக்கு வரத் தயார்" என்றாலும் செல்லாது, "வரமாட்டேன்" என்றாலும் செல்லாது. அவன் நாடு வெளிப்படையாகக் கைவிட்டால் போதும். 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா தூதரகத்தின் இரண்டாம் இடத்து அதிகாரி குடித்துவிட்டு ஓட்டி ஒரு சிறுமி இறந்தாள். ஜார்ஜியா விலக்கைக் கைவிட்டது. அவருக்கு 7 முதல் 21 ஆண்டு வரை தண்டனை. ஆகவே கதாநாயகன் துரத்த வேண்டியது காரை அல்ல. வில்லனின் தலைநகரில் யார் அந்தக் கோப்பில் கையெழுத்திடுவார், அவருக்கு என்ன வேண்டும் என்பதைத் துரத்தட்டும். கடன் உதவிக்குக் காத்திருக்கும் சிறிய நாடு ஒரு மாதிரி முடிவெடுக்கும், எண்ணெய் விற்கும் நாடு வேறு மாதிரி.

இரண்டாவது, வில்லனே வழக்குப் போட வைக்கலாம். டிப்ளமேட் ஒருவர் தானாகக் கோர்ட்டுக்குப் போனால், அந்த வழக்கோடு நேரடியாகத் தொடர்புள்ள எதிர்வழக்குக்கு விலக்கைக் காட்ட முடியாது. திமிர் பிடித்த வில்லனுக்கு மானநஷ்ட வழக்கைவிடச் சுவையான தூண்டில் இல்லை. மூன்றாவது, பணம். சொந்த லாபத்துக்கான வியாபாரம் என்றால் சிவில் விலக்கு நிற்காது. 2022 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், வீட்டுப் பணிப்பெண்ணை அடிமைபோல வைத்திருந்தார் என்ற புகார் உண்மையானால் அதுவும் இந்த வியாபாரக் கணக்கில் வரும் என்று சொன்னது. கேட்டவர்களுக்கே அது ஆச்சரியம்தான்.

கடைசியாக, எங்களுக்குப் பிடித்த வழி. பதவி முடிந்து அவன் கிளம்பிவிட்டால், அலுவல் செயல்களுக்கு மட்டுமே விலக்கு தொடரும். சொந்தக் கொலைக்குத் தொடராது. பத்து வருஷம் கழித்துத் தாஜ்மகால் பார்க்கச் சுற்றுலாப் பயணியாக வந்து இறங்கினால், இந்திரா காந்தி விமான நிலையத்தில் குடியேற்ற கவுண்டரிலேயே பிடித்துவிடலாம். கொலைக்கு நம் சட்டத்தில் காலவரம்பு இல்லை. அதற்குத்தான் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போட்டு, விமான நிலையங்களில் அவனைக் கவனிக்கச் சொல்லும் லுக்-அவுட் அறிவிப்பு நீக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. ரிட்டயர் ஆகப்போகும் ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கோப்பைத் தூசி தட்டினால் அதுவே ஒரு நல்ல கதை.

லோதி காலனி வாசகர்: நம் கோர்ட் ஒரு தூதரையே நாட்டைவிட்டுப் போகாதே என்று தடுக்க முடியுமா?

பதில்: தடுத்திருக்கிறது. 2012-இல் கேரளக் கடலில் இரண்டு மீனவர்களைச் சுட்ட வழக்கில் இத்தாலிய வீரர்கள் இருவரை ஓட்டுப் போட ஊருக்கு அனுப்ப, திரும்பி வருவார்கள் என்று தூதர் உறுதி கொடுத்தார். 2013 மார்ச்சில் அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி சொன்னது. உச்ச நீதிமன்றம் மார்ச் 14-இல் தூதருக்குத் தடை போட்டது. அவர் தானே வந்து உறுதி கொடுத்தவர் என்பது நீதிமன்றத்தின் பார்வை. வியன்னா ஒப்பந்தப்படி அவரது உடலைத் தொட முடியாது என்பது எதிர்த்தரப்பு. கேள்வி தீரும் முன்பே, மார்ச் 22-இல் வீரர்கள் திரும்பிவிட்டார்கள். எழுதப்படாத நீதிமன்ற நாடகம் இதில் இருக்கிறது. யாராவது எழுதுங்கள்.

முனீர்க்கா வாசகர்: என் ஹீரோ கடைசியில் வில்லனைச் சுட்டுவிடுகிறார். சரிதானே?

பதில்: ஹீரோமேல் கொலை வழக்கு. அதற்குமேல், தூதரக ஊழியரைக் காக்கத் தவறியதற்காக இந்தியா அந்த நாட்டிடம் மன்னிப்புக் கேட்கும். வில்லன் தியாகியாகிவிடுவான், ஊரில் அவன் பெயரில் ஒரு தெரு வந்தாலும் வரும்.

சரோஜினி நகர் வாசகி: விலக்குரிமை பேசும் வில்லனை வழிமறிக்கும் காட்சியில் தில்லிப் போலீஸ் அதிகாரி என்னதான் பேசுவார்? எனக்கு வசனம் வரவில்லை.

பதில்: குறைவாகப் பேசுவார். "கார்டு தீஜியே, சார்" என்று வாங்கி, இரண்டு பக்கமும் போட்டோ எடுப்பார். பக்கத்தில் நிற்கும் கான்ஸ்டபிளிடம் நேரத்தைக் கேட்டு டைரியில் எழுதச் சொல்வார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, வில்லனின் காருக்கு முன்னால் வழியை மறைத்தபடி, பதில் வரும்வரை நின்றுகொண்டே இருப்பார்.